900 மீட்டர் சுவரும் விரல் நுழையும் விரிசலும்

கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குள் மேற்கிலிருந்து காரில் நுழைகிறவர்களுக்கு இடப்பக்கம் தெரியும் வெளிர்நிறப் பாறைச் சுவர்தான் எல் கேப்பிட்டன். அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 900 மீட்டர். உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,308 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் உயரத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஈபிள் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை முறை அடுக்க வேண்டும் என்ற கணக்கும் உடனே வந்துவிடும். ஆனால் உயரம்தான் பெருமைக்குக் காரணம் என்றால் உலகின் பார்வை வேறு பக்கம் போயிருக்க வேண்டும். பாகிஸ்தானின் டிராங்கோ கோபுரங்களும் கனடாவின் பாஃபின் தீவிலுள்ள தோர் மலையும் இதைவிடப் பெரிய செங்குத்துச் சரிவுகளைக் கொண்டவை. எல் கேப்பிட்டனைப் புரிந்துகொள்ள உயரத்தை விட்டுவிட்டு விரிசல்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. விரிசல்கள் மிகக் குறைவாக இருந்ததால் அந்தப் பாறை செங்குத்தாக நின்றது. இருந்த கொஞ்சம் விரிசல்கள் மனிதனை மேலே ஏற விட்டன. அந்த விரிசல்களை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்ற தகராறுதான் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளாக அங்கே நடந்துவரும் வரலாறு.

முதலில் பாறை. எல் கேப்பிட்டனின் பெரும்பகுதி, ஏறத்தாழ பத்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உறைந்த கிரானைட். அன்று பசிபிக் பக்கத்துக் கடல்தளம் வட அமெரிக்கக் கண்டத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. அதனால் உருகி எழுந்த பாறைக் குழம்பில் ஒரு பங்கு எரிமலைகளாக வெளியே வந்தது; பெரும்பங்கு வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கி மிக மெதுவாகக் குளிர்ந்தது. மெதுவாகக் குளிர்ந்ததால்தான் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கண்ணுக்குத் தெரியும் மணிகளாக வளர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. நம் ஊரில் சமையல் மேடைக்குப் போடும் கறுப்புக் ‘கிரானைட்’டை மனதில் வைத்துக்கொண்டு இந்த மலையைக் கற்பனை செய்யக் கூடாது. வியாபாரத்தில் அப்படி அழைக்கப்படும் கறுப்புக் கற்களில் பெரும்பாலானவை புவியியல் கணக்கில் கிரானைட்டே அல்ல. எல் கேப்பிட்டனின் கல் சாம்பல் கலந்த வெண்மை. மாலை வெயிலில் தேன் நிறத்துக்கு மாறும். குவார்ட்ஸ் நிறைந்திருப்பதால் அது கடினமானது. ஆனால் கடினம் மட்டும் ஒரு பாறையை 900 மீட்டர் சுவராக நிறுத்திவிடாது. எவ்வளவு கெட்டியான கல்லாக இருந்தாலும் அடிக்கு ஒரு பிளவு ஓடினால் அது உடைந்து சரியத்தான் செய்யும். இந்தக் கல்லுக்கு வாய்த்த அதிசயம், பெரிய பிளவுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் விழுந்ததுதான்.

பள்ளத்தாக்கு எப்படி உண்டானது என்பதைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரபலமான சண்டை நடந்தது. கலிபோர்னியாவின் அரசுப் புவியியலாளராக இருந்த ஜோசையா விட்னி, பள்ளத்தாக்கின் தரை அப்படியே கீழே இறங்கிவிட்டது, இருபுறமும் சுவர்கள் நின்றுவிட்டன என்று நம்பினார். ஆடு மேய்க்க வந்து, மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து, மலையெங்கும் அலைந்துகொண்டிருந்த ஜான் மியூர், இது பனியாறுகளின் வேலை என்றார். 1871இல் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் அதை எழுதவும் செய்தார். பட்டமில்லாத ஆளின் பேச்சை விட்னி மதிக்கவில்லை. சாகும்வரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. வென்றவர் மியூர். ஆனால் முழுமையாக அல்ல: சியரா நெவாடா மலைத்தொடர் முழுவதையும் பனி மூடியிருந்தது என்று அவர் சொன்னது மிகை. 1930இல் ஃபிரான்சுவா மாத்தெஸ் வெளியிட்ட விரிவான ஆய்வு கணக்கைச் சீர்செய்தது. மலைத்தொடர் உயர உயர மெர்செட் ஆறு ஆழமாக அறுத்துக்கொண்டு போனது. அந்த ஆற்றுப் பள்ளத்தைப் பனியாறுகள் பல முறை வந்து அகலமாக்கின. மிகப் பெரிய பனியாறு வந்து பத்து லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சம் தொட்ட கடைசிப் பனியாறு மெலிந்தது, பள்ளத்தாக்கின் அடிப்பகுதியை மட்டுமே நிரப்பியது. பின்வாங்கும்போது அது விட்டுச் சென்ற பாறாங்கல் மேடு இன்றும் எல் கேப்பிட்டனின் அடியில் ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கிறது. இன்று நாம் பார்க்கும் சமதரை உண்மையான அடித்தளம் அல்ல. பின்னர் நில அதிர்வலைகளை வைத்து அளந்தபோது, சில இடங்களில் மணலும் சரளையும் 600 மீட்டர் ஆழம் வரை நிரம்பியிருப்பது தெரிந்தது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: சுவரைச் செதுக்கியது பனி என்று சொல்லிவிட்டு விரிசலுக்கு ஏன் இத்தனை மரியாதை? நியாயமான கேள்விதான். பதில் எல் கேப்பிட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு மேற்கே, அதே வட சுவரில், ‘ராக்ஸ்லைட்ஸ்’ எனப்படும் பகுதி உண்டு. பெயருக்கேற்றபடி அங்கே சுவர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. உடைந்த கற்கள் சரிந்து குவிந்த நீண்ட சரிவுதான். அதே ஆறு அறுத்த இடம், அதே பனியாறு உரசிச் சென்ற இடம், அதே வெயிலும் மழையும். வித்தியாசம் கல்லில். அங்கிருப்பது பெரும்பாலும் டயோரைட் என்ற கல், நெருக்கமாகப் பிளவுபட்டது. பனியாறு அரத்தைப் போல எல்லாவற்றையும் சமமாகத் தேய்த்துவிடுவதில்லை. பிளவுகளில் உறைந்து, கட்டிகளைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போவதுதான் அதன் பலமான வேலை. பெயர்க்கப் பிளவு இல்லாத இடத்தில் அதன் கை ஓங்குவதில்லை. ஆகவே பனி எல்லாச் சுவர்களையும் ஒரே பரீட்சைக்கு உட்படுத்தியது என்று சொல்லலாம். எல் கேப்பிட்டன் தேறியதற்குக் காரணம் பனியில் இல்லை. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கடைசிப் பனி இந்தச் சுவரின் மேற்பகுதியைத் தொடவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பனி விலகி லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆன பின்னும் அந்த மேல்சுவர் செங்குத்தாகவே நிற்கிறது.

தூரத்திலிருந்து ஒரே வெள்ளைச் சுவராகத் தெரிந்தாலும் கிட்டே போனால் அது ஒரே கல் இல்லை. எல் கேப்பிட்டன் கிரானைட்டுக்குள் சற்றே பிந்தி டாஃப்ட் கிரானைட் புகுந்திருக்கிறது. தென்கிழக்கு முகத்தில் இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கருங்குழம்பு நுழைந்து உறைந்திருக்கிறது. அந்தக் கறுப்புத் திட்டு வட அமெரிக்க வரைபடத்தைப் போலவே இருப்பதால் அந்த முகத்துக்கே ‘வட அமெரிக்கச் சுவர்’ என்று பெயர் வந்துவிட்டது. ஒரு குழம்பு இன்னொன்றுக்குள் எப்படி நுழைந்தது என்று அறியப் புவியியலாளர்கள் வழக்கமாகத் தரையில் நடந்து வரைபடம் போடுவார்கள். இங்கே தரையே செங்குத்தாக நிற்கிறது. ராஜர் புட்னம் என்ற ஆய்வாளரும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும் தென்கிழக்கு முகத்தைக் கயிற்றில் தொங்கியபடியே ஆராய்ந்தார்கள். கல் மாதிரிகளை உடைத்தெடுத்தார்கள், நுணுக்கமான புகைப்படங்களின் மேல் கல்லின் எல்லைகளைக் குறித்தார்கள். 2015இல் முடிவுகள் வெளியாயின. பூமியின் உள்ளுறுப்பை நெடுக்குவெட்டாகப் பார்க்க இப்படியொரு வாய்ப்பு எளிதில் கிடைக்காது. பாறையேறிகளுக்கும் இது ஏட்டுப் படிப்பாக இல்லை. வெளிர்க் கிரானைட்டில் விரல் பிடிக்கும் இடமும் கறுப்பு டயோரைட்டில் கல் உதிரும் இடமும் வேறு வேறு என்று அவர்கள் கைகளுக்கு முன்பே தெரியும்.

விரிசல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. மலைத்தொடரை நெடுக வெட்டிக்கொண்டு போகும் பெரிய பிளவுகள் ஒரு வகை; எல் கேப்பிட்டனில் அரிதானவை இவையே. இன்னொரு வகை, பாறையின் வெளிப்பரப்புக்கு இணையாகவே உள்ளே ஓடுவது. மேலே அழுத்திக்கொண்டிருந்த கிலோமீட்டர்கணக்கான சுமை அரிப்பில் நீங்கிய பிறகு கிரானைட் வெங்காயம் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாகப் பிரிகிறது. இப்படிப் பாதி பிரிந்து, பாதி ஒட்டிக்கொண்டு நிற்கும் பாளங்கள் இந்தச் சுவரெங்கும் உண்டு. டெக்ஸாஸ் மாநில வடிவில் ஒன்று, பூட்ஸ் வடிவில் ஒன்று என்று ஏறுகிறவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவை சும்மா நிற்பதும் இல்லை. பிரையன் காலின்ஸ், கிரெக் ஸ்டாக் என்ற இரு புவியியலாளர்கள் இதே பள்ளத்தாக்கின் வேறொரு சுவரில் ஒரு பாளத்தின் பின்னால் கருவிகள் பொருத்தி மூன்றாண்டுகளுக்கு மேல் அளந்தார்கள். பகல் வெயிலில் பாளம் சுவரைவிட்டு வெளியே விரிகிறது, இரவில் திரும்பச் சுருங்குகிறது. அசைவு ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் போகிறது. மழையோ பனியுறைவோ நிலநடுக்கமோ இல்லாத வெயில் நாட்களிலும் சில நேரம் கல் விழுவது ஏன் என்ற பழைய புதிருக்கு இதில் ஒரு விடை கிடைத்தது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். 1851 மார்ச் மாதம் மாரிபோசா பட்டாலியன் என்ற தன்னார்வப் படை பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. தங்கவேட்டையாளர்களின் வரவால் வெடித்த மோதலில், அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களைப் பிடித்து வெளியேற்றுவதுதான் அதன் வேலை. குடியிருப்புகளையும் சேமித்து வைத்திருந்த உணவையும் எரித்தார்கள். அந்தப் படையோடு போன லஃபாயெட் பன்னல்தான் பள்ளத்தாக்கின் பல இடங்களுக்குப் பெயர் வைத்தவர். டோ-டோ-கான்-ஊ-லா என்று உள்ளூர் மக்கள் அழைத்ததன் பொருளையே ஸ்பானிய மொழியில் எல் கேப்பிட்டன், அதாவது தலைவன், என்று மாற்றியதாக அவர் பின்னாளில் எழுதிவைத்தார். அதை அப்படியே ஏற்க எல்லோரும் தயாராக இல்லை. அந்தப் பழைய பெயரை அளவுப்புழுவோடு தொடர்புபடுத்தும் கதையொன்று மீவோக் மக்களிடம் வழங்குகிறது. பாறையின் மேல் தூங்கிய இரண்டு குட்டிகளோடு, அல்லது சிறுவர்களோடு, பாறை வானளாவ வளர்ந்துவிடுகிறது. எலியிலிருந்து கரடி, மலைச்சிங்கம் வரை எல்லா விலங்குகளும் ஓடிவந்து தாவிப் பார்த்துத் தோற்கின்றன. கடைசியில், யாரும் பொருட்படுத்தாத அந்தச் சிறு புழு உடலைக் குறுக்கி நீட்டி, குறுக்கி நீட்டி மேலே போய்ச் சேர்கிறது.

எந்த விளக்கம் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இரண்டும் பாறையை எங்கிருந்து பார்க்கின்றன என்பது கவனிக்க வேண்டியது. தலைவன் என்று சொல்ல, கீழே புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். புழுவின் கதைக்குப் பாறையின் மேற்பரப்பைத் தெரிந்திருக்க வேண்டும்: தாவினால் பிடி கிடைக்காது, ஒட்டிக்கொண்டு ஊர்ந்தால் கிடைக்கும் என்று அறிந்திருக்க வேண்டும். ஏறுகிறவர்கள் பிற்பாடு வைத்த பெயர்களும் இந்த இரண்டாவது இனம். இரு முகங்களும் சந்திக்கும் விளிம்புக்கு ‘மூக்கு’, தென்மேற்கு முகத்தில் பாளம் உரிந்த இதய வடிவப் பள்ளத்துக்கு ‘இதயம்’, முன்துருத்திய நிழல் விதானத்துக்குப் ‘பெருங்கூரை’. இவற்றைக் கோத்துப் படித்தால் கல் எங்கே உரிந்தது, எங்கே நிறம் மாறியது என்ற புவியியல் குறிப்பாகவே இருக்கும். பன்னலின் பெயர்கள் அப்படி வந்தவை அல்ல. அருகிலிருந்த ஏரி ஒன்றுக்கு அவானீச்சித் தலைவர் டெனாயாவின் பெயரைச் சூட்டுவதாக அவரிடமே பன்னல் சொன்னபோது, ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்று டெனாயா பதில் சொன்னாராம். இதை எழுதிவைத்திருப்பவரும் பன்னல்தான் என்பது வேடிக்கை.

இதற்குப் பிறகு நூறாண்டுகளுக்கு மேல் எல் கேப்பிட்டன் பார்க்கப்பட்டது, படமெடுக்கப்பட்டது. யாரும் அதன் பெரிய முகங்களில் ஏறவில்லை. 1957 ஜூலையில் வாரன் ஹார்டிங் ‘மூக்கு’ வழியில் தொடங்கினார். உச்சியைத் தொட்டது 1958 நவம்பர் 12 காலை. கூட இருந்தவர்கள் வெய்ன் மெர்ரியும் ஜார்ஜ் விட்மோரும். இடையிடையே இறங்கி, கயிறுகளை அங்கேயே விட்டு, மீண்டும் வந்து தொடர்ந்த வேலை. அவர் ஏன் அந்த விளிம்பைத் தேர்ந்தார் என்பதில் விஷயம் இருக்கிறது: அடுத்தடுத்து விரிசல்கள் கிடைத்த கோடு அதுதான். அதில் ஓரிடத்தில் இரண்டு மூன்று அங்குல அகல விரிசல்கள் நூறு மீட்டருக்கு மேல் நீண்டு போகின்றன. பிட்டன் எனப்படும் இரும்பு ஆப்புகள் அன்று அத்தனை அகலத்தில் கடைகளில் கிடைக்கவில்லை. நண்பர் ஒருவர் குப்பைமேட்டில் கிடந்த பழைய அடுப்பின் எனாமல் பூசிய கால்கள் நான்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை விரிசலில் அடித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, பின்னாலிருப்பதைப் பிடுங்கி முன்னால் அடித்து ஹார்டிங் ஏறினார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் ‘அடுப்புக்கால் விரிசல்’ என்றே பெயர். விரிசல் தீர்ந்துபோன கடைசிச் சுவரில் அவர் விடிய விடியத் தொங்கிக்கொண்டு பாறையில் 28 துளைகள் போட்டு போல்ட் அடித்தார். மொத்த வழியிலும் 125 போல்ட்டுகள்.

கல்லை எப்படி ஏறலாம் என்ற தகராறு அந்த 125இல்தான் சூடு பிடித்தது. பிட்டன் விரிசலுக்குள் போகிறது, வெளியே எடுத்துவிடலாம். போல்ட்டுக்கு விரிசலே வேண்டாம். வெறும் கல்லில் துளைபோட்டு இறுக்கிவிட்டால் எங்கும் ஏறலாம். அப்படியானால் ஏறுவதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் ராயல் ராபின்ஸ். 1961இல் அவரும் சக் பிராட்டும் டாம் ஃபிராஸ்டும் தென்மேற்கு முகத்தில் ஒரு புது வழி கண்டார்கள். நெடுகவும் 13 போல்ட்டுகள்தான் அடித்தார்கள். அந்த வழிக்கு ஜான் சாலத்தேயின் பெயரை வைத்ததும் பொருத்தம். ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த கொல்லரான சாலத்தே, ஐரோப்பாவின் மென்மையான இரும்பு ஆப்புகள் யோசெமிட்டிக் கிரானைட்டில் வளைந்து போவதைக் கண்டு கடினமான எஃகில் பிட்டன் அடித்துக் கொடுத்தவர். பழைய ஃபோர்டு காரின் அச்சைக் காய்ச்சி அடித்தார் என்பார்கள். ஹார்டிங் விடவில்லை. 1970இல் டீன் கால்டுவெல்லோடு 27 நாள் சுவரிலேயே தங்கி, மீட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, விரிசல் அரிதான தென்கிழக்கு முகத்தில் முன்னூறுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டு உச்சி சேர்ந்தார். அடுத்த ஆண்டு ராபின்ஸ் அதே வழியில் ஏறியபடியே ஹார்டிங்கின் போல்ட்டுகளை வெட்டிக்கொண்டே போனார். கொஞ்ச தூரத்தில் நிறுத்திக்கொண்டார். துளைகளுக்கு நடுவே இருந்த ஏற்றம் அவர் நினைத்ததைவிடக் கடினமாக, திறமையான ஆளின் வேலையாக இருந்ததுதான் காரணம். இந்த வழக்கில் இரு தரப்பையும் ஒரே ஆள் பேசிய இடம் அது.

போல்ட்தான் குற்றவாளி, பிட்டன் சாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது. அடித்து, பிடுங்கி, மறுபடி அடித்ததில் நூலிழை விரிசல்கள் வரிசைத் துளைகளாக அகன்றுவிட்டன. 1972இல் இவோன் சூயினார்டும் டாம் ஃபிராஸ்டும் தங்கள் கருவிப் பட்டியலிலேயே பிட்டனை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். சுத்தியல் இல்லாமல் கையால் விரிசலில் செருகி, கையாலேயே எடுத்துவிடக்கூடிய உலோகக் கட்டைகளை முன்வைத்தார்கள். சொந்த வியாபாரத்தின் முக்கியச் சரக்கையே வேண்டாம் என்று சொன்ன கடை அது. ஆனால் என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் இங்கேதான் கிடைக்கிறது. பழைய பிட்டன்கள் குடைந்த அந்தத் துளைகளில்தான் அடுத்த தலைமுறை விரல்களை நுழைத்து, இரும்பைப் பிடிக்காமல் கையாலும் காலாலும் மட்டுமே ஏறக் கற்றது. யோசெமிட்டியின் ‘செரினிட்டி’ விரிசல் இதற்குப் பேர்போனது. விரிசலுக்குள் சுருள்வில் விசையால் விரிந்து பிடிக்கும் பிடிப்பான்களைக் கண்டுபிடித்துக் கல்லைக் காயப்படுத்தாத ஏற்றத்துக்குப் பெரும் உதவி செய்த ரே ஜார்டின், ‘மூக்கு’ வழியைக் கையாலேயே ஏறிவிடும் ஆசையில் ஓரிடத்தில் குறுக்காக நகர உளிகொண்டு கல்லில் பிடிகளையே செதுக்கினார். அவரைத் திட்டாதவர் இல்லை. திட்டியவர்களும் அந்தக் குறுக்குப் பாதையில்தான் இன்றும் போகிறார்கள். அப்படியானால் ‘இயற்கை தந்த விரிசல்’ என்பது பாதி கட்டுக்கதை என்று ஒருவர் சொன்னால் முழுதாக மறுக்க முடியாது. ஆனாலும் ஜார்டின் செதுக்கியது சில அடி தூரம். மற்ற 900 மீட்டரும் எங்கே வழி விடும், எங்கே விடாது என்பதைக் கல்தான் தீர்மானித்தது.

1993இல் ‘மூக்கு’ முழுவதையும் கைகால்களால் மட்டும் முதன்முதலில் ஏறியவர் லின் ஹில். கயிறு இருந்தது, தவறி விழுந்தால் தாங்க மட்டுமே. மறு ஆண்டு அதையே ஒரே நாளுக்குள் செய்தார். பெண்ணின் சின்ன விரல்கள் பெருங்கூரையின் விரிசலில் நுழைந்ததால் முடிந்தது என்று பேசியவர்கள் உண்டு. அதே குட்டை உடல்வாகு எட்டாத பிடிகளில் எத்தனை இடையூறு என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. கூரைக்கு மேலே, கல் மழுங்கலான இரு மூலைகளாக மாறும் இடத்தில் விரலுக்கு வேலையே இல்லை. உடலை முறுக்கி, எதிரெதிர்ச் சுவர்களில் அழுத்தித்தான் நகர வேண்டும். 2005இல் அதே வழியைக் கையால் ஏறிய டாமி கால்டுவெல்லுக்கு இடக்கை ஆள்காட்டி விரலின் ஒரு பகுதியே கிடையாது. 2001இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் போய்விட்டது. 2015 ஜனவரியில் அவரும் கெவின் ஜோர்கசனும் 19 நாளில், ஹார்டிங் துளைபோட்டு ஏறிய அந்தத் தென்கிழக்கு முகத்தையே கையால் ஏறினார்கள். விரிசல் இல்லாத சுவர் என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் சவரக்கத்தி அலகுபோன்ற விளிம்புகளைத் தேடித் தேடிக் கோத்து ஒரு வழி செய்திருந்தார்கள். அவை கல்லின் மணிகளும் மெல்லிய உரிவுகளும் உண்டாக்கிய விளிம்புகள். சில ஒரு நாணயத்தின் தடிமன்கூட இல்லாதவை. குளிர்காலத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: விரல் வியர்த்தால் அவ்வளவு சிறிய விளிம்பில் பிடி நிற்காது.

2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் கயிறே இல்லாமல் ‘ஃபிரீரைடர்’ வழியில் 3 மணி 56 நிமிடத்தில் உச்சி சேர்ந்தார். அதைப் படமாக்கிய ‘ஃபிரீ சோலோ’ ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியதால் பாறையேற்றமே தெரியாதவர்களுக்கும் இந்த மலை தெரியவந்தது. படம் பார்த்தவர்கள் உச்சியருகே தொங்கும் காட்சிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஹானல்டை அதிகம் பயமுறுத்திய இடங்களில் ஒன்று தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லாத, சற்றே சாய்ந்த வழவழப்பான பாறை. முந்தைய ஆண்டு ஒருமுறை தொடங்கி, அந்த இடத்தில்தான் திரும்பி வந்தார். ஆழமான விரிசலில் கையைத் திணித்து முறுக்கிவிட்டால் உடம்பு பூட்டுப்போட்டதுபோல் நிற்கும், எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. அந்தச் சாய்பாறையிலோ காலணி ரப்பருக்கும் கல்லுக்கும் உள்ள உராய்வைத் தவிர நம்ப ஒன்றும் இல்லை. உயரம் பார்க்கிறவருக்கு, ஏறுகிறவருக்குப் பிடிதான் எல்லாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. எல் கேப்பிட்டன் புகழ்பெற்றது சாலையோரத்தில் இருப்பதால்தானே? நல்ல வெயில், பக்கத்தில் முகாம், காரை நிறுத்தினால் தெரியும் சுவர், தொலைநோக்கியோடு உட்காரப் புல்வெளி. இதில் பெரும்பகுதி உண்மை. 1957இல் ஹார்டிங் ஏறத் தொடங்கியபோதே வேடிக்கை பார்க்க நின்ற கார்களால் சாலை அடைத்துக்கொண்டது. சுற்றுலாப் பருவத்தில் ஏறாதே என்று பூங்கா அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பிப்ரவரியில் சில மாலைகளில் அதன் கிழக்கு விளிம்பில் வழியும் ஹார்ஸ்டெயில் அருவி சாயும் வெயிலில் தழல்போல ஒளிரும்போது, பாறையேற்றத்தில் எந்த ஆர்வமும் இல்லாத கூட்டம்தான் அங்கே கூடுகிறது. சாலை கூட்டத்தைக் கொண்டுவந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே சாலையோரத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு பெரிய சுவர்களும் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி இத்தனை வரலாறு சேரவில்லை. விரிசல்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் எல் கேப்பிட்டன் ஒரு கற்குவியல். இன்னும் குறைவாக இருந்திருந்தால் துளைபோடும் கருவியோடு மட்டுமே அணுகக்கூடிய ஊமைச் சுவர். இரண்டுக்கும் நடுவே அது நின்றது தற்செயல்தான், ஆனால் மற்றதெல்லாம் அந்தத் தற்செயலில் தொங்குகிறது.

அந்தச் சுவர் இன்னும் உடைந்துகொண்டுதான் இருக்கிறது. 2017 செப்டம்பர் 27 அன்று தென்கிழக்கு முகத்திலிருந்து பெயர்ந்த பாளம் அடிவாரத்தில் இருந்த ஒரு பாறையேறியைக் கொன்றது. மறுநாள் அதைவிடப் பெரிய சரிவு நிகழ்ந்து பள்ளத்தாக்கே தூசியால் மூடியது. ஏறுகிறவர்கள் சுவரில் விட்டுச் செல்வதும் பிரச்சினையாகிவிட்டது. பல நாள் தங்குகிறவர்கள் மலத்தைக் குழாய்ப் பெட்டிகளில் அடைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். 2021 முதல் இரவு தங்கி ஏற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வசந்த காலத்தில் பெரிக்ரின் வல்லூறுகள் விளிம்புகளில் கூடு கட்டும்போது சில வழிகள் மூடப்படுகின்றன. டி.டி.டி. பூச்சிக்கொல்லியால் அற்றுப்போயிருந்த அந்தப் பறவையின் கூடு பல பத்தாண்டுகளுக்குப் பின் பூங்காவில் மீண்டும் கண்ணில் பட்டது 1978இல், இதே எல் கேப்பிட்டனில், பாறையேறிகளின் கண்ணில்தான்.

போல்ட் விவகாரம் கடைசியில் வாஷிங்டன் வரை போனது. எல் கேப்பிட்டன் 1984 முதல் சட்டப்படி ‘வன்புல’மாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறது, அப்படிப்பட்ட இடத்தில் மனிதன் நிறுவிய எதுவும் இருக்கக் கூடாது என்பது பொது விதி. பாறையில் இறுக்கிய போல்ட்டும் அதில் சேருமா? 2023 இறுதியில் தேசியப் பூங்காத் துறை சேரும் என்ற போக்கில் ஒரு வரைவு வெளியிட்டது, பாறையேறிகள் கொதித்தெழுந்தார்கள். பழைய போல்ட்டுகளை மாற்றவும் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்க வேண்டுமானால், அரை நூற்றாண்டுத் துருவை நம்பித்தான் தொங்க வேண்டிவரும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. 2024இல் வரைவு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம் வன்புலப் பகுதிகளில் நிலையான பிடிப்புகளுக்கு இடமளித்தது. ஆனால் மின்துளைப்பான் அங்கே இன்றும் கூடாது. போல்ட் வேண்டுமென்றால் சுவரில் தொங்கியபடி உளியைத் திருப்பித் திருப்பிச் சுத்தியலால் அடித்துத்தான் துளை போட வேண்டும். இந்தக் கிரானைட்டில் ஒரே ஒரு துளைக்கு அரைமணி நேரம்கூட ஆகலாம். மேலே எங்காவது ஒரு விரிசல் இருக்கிறதா என்று இன்னொரு முறை தேடிப் பார்க்க அந்த வேலையே ஆளைத் தூண்டும்.